அக்கா டிப்ஸ்: கெர்னல்ல எந்த ‘நல்’ செக்கை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது?

தங்கச்சி, லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்பணும்னு நீ வாயைத் திறந்ததுமே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருப்பாங்க: “கேஃப்ரீக்கு முன்னாடி இருக்கிற நல் செக்கை எடுத்துடு. ரெண்டு வரி பேட்ச், சுலபமா உள்ளே போயிடும்.” அது பாதி உண்மை. எடுக்க ரெண்டு வரிதான். எடுக்கலாமான்னு தெரிஞ்சுக்கத்தான் சில சமயம் நாலு ஃபைல் படிக்கணும்.

ஒவ்வொரு நல் செக்கும் ஒரு கேள்வி கேக்குது: “இந்தப் பாயிண்டர் காலியா இருக்க வாய்ப்பு இருக்கா?” அந்தக் கேள்விக்கு வேற ஏதோ ஒரு வரி ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தா செக் வேண்டாததுதான். அந்த வரியை நீ விரல் வச்சுக் காட்டணும். காட்ட முடியலன்னா செக் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அந்த வரியை எங்கெங்கே தேடலாம்னுதான் இப்ப சொல்லப் போறேன்.

1. எதுக்காக எடுக்கறோம்னு தெளிவா இரு

வேகம் கூடும்னு நினைச்சு இந்த வேலைக்கு வராதே. ஒரு பாயிண்டரை ஜீரோவோட ஒப்பிடறது இன்னைக்கு சிபியூவுக்குப் பெரிய சுமையே இல்ல. லாபம் கோடைப் படிக்கிறவங்களுக்கு. “இங்கே நல் வரலாம்”னு ஒரு செக் சொன்னா, அடுத்து அந்த ஃபைலைத் திறக்கிறவங்க அதை நம்புவாங்க. எந்த வழியா நல் வருதுன்னு தேடி அரை நாள் போகும். அவங்க எழுதற புது ஃபங்ஷனுக்கும் அதே செக் காப்பி ஆகும்.

தப்பா எடுத்தா என்ன நஷ்டம்னும் தெரிஞ்சிருக்கணும். சாதாரண புரோகிராம் நல் பாயிண்டரைத் தொட்டா அந்த புரோகிராம் மட்டும் சாகும். கெர்னல் தொட்டா ‘ஊப்ஸ்’, அதாவது கெர்னலே தடுக்கி விழுந்துட்டதா ஒரு பிழை ரிப்போர்ட். அந்த நேரம் பிடிச்சிருந்த மியூடெக்ஸ் விடுபடாமலே போகலாம். ‘பேனிக் ஆன் ஊப்ஸ்’ போட்டிருக்கிற சர்வர்னா மொத்த மெஷினும் நின்னுடும்.

ஊப்ஸ் மெசேஜ்ல அட்ரஸ் 0000000000000018 மாதிரி ரொம்பச் சின்ன எண்ணா இருந்தா அதையும் படிக்கத் தெரிஞ்சுக்கோ. அது ஹெக்ஸ். ஸ்ட்ரக்சரோட ஆரம்பத்துலேர்ந்து 24 பைட் தள்ளி இருக்கிற மெம்பரைத் தொடப் போயிருக்கு, ஆனா ஸ்ட்ரக்சர் பாயிண்டரே நல். உன் பேட்ச் உள்ளே போனப்புறம் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா முதல்ல அந்த எண்ணைப் பாரு. எந்த மெம்பர்னு தெரிஞ்சா எந்தப் பாயிண்டர்னு தெரிஞ்சிடும்.

2. கேஃப்ரீ குடும்பத்தை மனப்பாடம் பண்ணு

சி மொழியோட ஃப்ரீ ஃபங்ஷனுக்கு நல் கொடுத்தா ஒண்ணும் செய்யாம திரும்பணும்னு 1989 ஆன்சி ஸ்டாண்டர்டுலயே எழுதியாச்சு. கெர்னலோட கேஃப்ரீயும் அப்படித்தான். உள்ளே நுழைஞ்சதுமே நல் வந்திருக்கான்னு பார்த்து, வந்திருந்தா திரும்பிடும். இன்னொண்ணையும் அது சேர்த்தே பார்க்கும். மெமரி ஒதுக்கற கேமாலாக் கிட்ட ஜீரோ பைட் கேட்டா நல் வராது. 16ங்கற ஒரு பொய் அட்ரஸ் வரும். அதுக்கு ஜீரோ_சைஸ்_பிடிஆர்னு பேரு. கேஃப்ரீக்கு அதையும் அடையாளம் தெரியும். நீ வெளியே போடற செக்குக்குத் தெரியாது.

இதே மாதிரி நல் கொடுத்தாலும் தாங்கற கூட்டம் பெருசு: விஃப்ரீ, கேவிஃப்ரீ, பழைய கேஇசட்ஃப்ரீக்கு 2020ல பேர் மாத்தி வந்த கேஃப்ரீ_சென்சிடிவ், கேஃப்ரீ_எஸ்கேபி, யூஎஸ்பி_ஃப்ரீ_யூஆர்பி, ஃப்ரீ_பெர்சிபியூ, ரிலீஸ்_ஃபர்ம்வேர், டிபக்எஃப்எஸ்_ரிமூவ். ரெஃபரன்ஸ் கவுண்ட்டைக் குறைக்கிற ஐபுட், புட்_டிவைஸ், கேஆப்ஜெக்ட்_புட், ஓஎஃப்_நோட்_புட், மாட்யூல்_புட் எல்லாமும் இந்தக் கூட்டம்தான். இவங்களுக்கு நேர் மேல தனியா ஒரு ‘இஃப்’ மட்டும் நிக்குதுன்னா, பொதுவா அதை எடுத்துடலாம்.

‘இஃப்’ ப்ளாக்குக்குள்ள ஃப்ரீ தவிர வேற ஏதாவது வரி இருக்கான்னு மட்டும் பாரு. ஒரு கவுண்ட்டரைக் குறைக்கிற வரியோ, பாயிண்டருக்குள்ள இருக்கிற இன்னொரு பாயிண்டரை விடுவிக்கிற வரியோ கூட இருந்தா கதையே வேற. உள்பாயிண்டரைத் தொட வெளிப்பாயிண்டர் இருந்தாகணும். அந்த செக் வேணும்.

3. பேரைப் பார்த்து நம்பாதே, உள்ளே படி

கேஃப்ரீ தாங்குதேன்னு ‘டெஸ்ட்ராய்’, ‘ஸ்டாப்’, ‘டிஸேபிள்’னு பேர் வச்ச எல்லாமே தாங்கும்னு நினைச்சா அடி வாங்குவே. கேத்ரெட்_ஸ்டாப்புக்கு நல் கொடுத்தா கிராஷ். டெஸ்ட்ராய்_ஒர்க்க்யூவும் தாங்காது. கிளாக் பக்கத்துல கிளாக்_டிஸேபிள்_அன்பிரிப்பேர் நல் வந்தா பேசாம திரும்பும். ஏன்னா அங்கே ‘கிளாக் இல்ல’ங்கறதுக்கு நல் ஒரு முறையான பதில். அதே டிரைவர்ல நாலு வரி கீழ இருக்கிற ரெகுலேட்டர்_டிஸேபிள் அப்படி இல்ல, நேரா பாயிண்டருக்குள்ள போயிடும். ஜிபிஐஓ பக்கம், ‘ஆப்ஷனல்’ வகையில வாங்கின டிஸ்க்ரிப்டர் நல் ஆக இருந்தாலும் ஜிபிஐஓடி_செட்_வேல்யூ பொறுத்துக்கும். ஒரே டிரைவர்ல ஒரே மாதிரி தெரியற மூணு செக்குல ரெண்டு வேண்டாதது, ஒண்ணு கட்டாயம் வேணும்.

கெர்னலோட டூல்ஸ் டைரக்டரில இருக்கிற யூசர்ஸ்பேஸ் கோடுலயும் இதே கவனம் வேணும். ஃப்ரீ நல் தாங்கும், எஃப்குளோஸ் தாங்காது.

எந்த வெர்ஷன்ங்கறதும் முக்கியம். கேமெம்_கேஷ்_டெஸ்ட்ராய், மெம்பூல்_டெஸ்ட்ராய், டிஎம்ஏ_பூல்_டெஸ்ட்ராய் மூணும் நல் தாங்க ஆரம்பிச்சது 2015ல வந்த 4.3 வெர்ஷன்லேர்ந்துதான். உன் ஆபீஸ்ல ஏதாவது பழைய போர்டுக்கு அதுக்கு முந்தின கெர்னல் ஓடுதுன்னு வச்சுக்கோ. மெயின்லைன்ல செக் எடுத்த டிரைவரை அங்கே அப்படியே காப்பி பண்ணினா, மெயின்லைன்ல சரியா இருந்த கோடு அங்கே கிராஷ் ஆகும். பேக்போர்ட் பண்ற மரத்துலயும் அந்த ஃபங்ஷனைத் திறந்து பாரு.

4. நல் வேற, எரர் பாயிண்டர் வேற

கெர்னல்ல ஒரு ஃபங்ஷன் தோத்துப் போனா மூணு விதமா சொல்லும். சிலது நல் தரும். சிலது எரர் எண்ணையே பாயிண்டரா மாத்தித் தரும். மைனஸ் 1லேர்ந்து மைனஸ் 4095 வரைக்கும் இருக்கிற மதிப்பு அட்ரஸ் வெளியோட கடைசிப் பக்கத்துல போய் உக்காரும், அதை ஐஎஸ்_எர்ர் வச்சுப் பிடிக்கணும். மூணாவது வகை ரெண்டையும் தரும்.

எரர் பாயிண்டர் மட்டும் தர்ற ஃபங்ஷனோட பதிலை நல் ஆன்னு பார்க்கிற செக் ஒருநாளும் வேலை செய்யாது. அதை எடுத்துட்டுப் போயிடாதே! அங்கே எழுதினவர் தோல்வியைப் பிடிக்கத்தான் நினைச்சிருக்கார், தப்பான வலை வீசியிருக்கார். ஐஎஸ்_எர்ர் ஆக மாத்தறதுதான் சரியான பேட்ச். அது கிளீன்அப்புல வராது, பக் ஃபிக்ஸ் கணக்கு. ஐஎஸ்_எர்ர்_ஆர்_நல் பார்த்தாலும் நில்லு. அந்த ஃபங்ஷன் நிஜமாவே ரெண்டையும் தருதா, இல்ல எதுக்கு வம்புன்னு ரெண்டையும் எழுதி வச்சாங்களான்னு படி.

கேஃப்ரீக்கும் ஒரு எச்சரிக்கை. அது நல் தாங்கும், எரர் பாயிண்டர் தாங்காது. ஃப்ரீக்கு முன்னாடி இருக்கிற செக் ஐஎஸ்_எர்ர் சம்பந்தப்பட்டதா இருந்தா கை வைக்காதே.

டிபக்எஃப்எஸ் தனிக் கதை. டைரக்டரி, ஃபைல் உருவாக்கற அதோட ஃபங்ஷன்கள் 2019லேர்ந்து தோல்விக்கு நல் தர்றதில்ல, எரர் பாயிண்டர்தான். அது மட்டுமில்ல, அந்த எரர் பாயிண்டரையே அடுத்த டிபக்எஃப்எஸ் ஃபங்ஷனுக்குப் பேரண்ட்டா கொடுத்தாலும் அது தாங்கிக்கும். டிபக் வசதி கிடைக்கலன்னு டிரைவர் நின்னுடக் கூடாதுங்கறது அதோட கொள்கை. அதனால அங்கே வர்ற பதிலைச் செக் பண்ணவே வேண்டாம். அந்த வருஷம் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கெர்னல் முழுக்க இந்த மாதிரி செக்குகளை வரிசையா எடுத்துட்டே போனார். இந்த வேலைக்கு நல்ல மாதிரி வேணும்னா அந்த பேட்ச்களைப் படி.

5. பிறவியிலேயே நல் ஆக முடியாத பாயிண்டர்கள்

இங்கே பதில் சொல்ற வரி சி மொழியோட விதியிலயே இருக்கும்.

ஸ்ட்ரக்சருக்குள்ள அர்ரேயா இருக்கிற மெம்பரை நல் ஆன்னு கேக்கறது வீண். நெட்வொர்க் டிவைஸோட பேர் தனிப் பாயிண்டர் இல்ல, ஸ்ட்ரக்சருக்குள்ளேயே இருக்கிற எழுத்து வரிசை. அது எப்பவும் இருக்கும். பேர் காலியான்னு தெரியணும்னா முதல் எழுத்தைத்தான் பார்க்கணும். எழுதினவர் அதைத்தான் கேக்க நினைச்சாரான்னும் யோசி. ஜிசிசி, கிளாங் ரெண்டுமே இந்த வகைக்கு வார்னிங் தரும்.

கன்டெய்னர்_ஆஃப் கொடுக்கிற பாயிண்டர் வெறும் கழித்தல் கணக்கு. உள்ளே போன பாயிண்டர் நல் ஆக இருந்தா, வெளியே வர்றது பெரும்பாலும் நல் இல்லாத ஒரு குப்பை அட்ரஸ். அதனால வந்த பதிலைச் செக் பண்றது எந்தப் பக்கமும் உதவாது. சந்தேகம் இருந்தா உள்ளே போற பாயிண்டரைச் செக் பண்ணணும். நெட்டெவ்_ப்ரிவ்வும் இப்படித்தான், டிவைஸ் அட்ரஸோட ஒரு தூரத்தைக் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி லூப்புக்குள்ள, சுத்தற பாயிண்டர் நல் ஆகாது. லூப் முடிஞ்சு வெளியே வந்தப்புறமும் நல் ஆகாது, அதுதான் ஆபத்து. தேடினது கிடைக்காம லூப் முழுசும் ஓடி முடிஞ்சா அந்தப் பாயிண்டர் லிஸ்ட்டோட தலையை ஒரு என்ட்ரின்னு நினைச்சுக் கணக்குப் போட்ட பொய் அட்ரஸ்ல நிக்கும். “கிடைச்சுதா?”ன்னு கேக்க லூப்புக்குக் கீழ நல் செக் போட்டிருந்தா அது எப்பவும் ‘ஆமா’ன்னுதான் சொல்லும். இதை எடுத்தா பக் அப்படியே இருக்கும், பக் இருந்ததுக்கான தடயம் மட்டும் போயிடும். ‘கிடைச்சது’ன்னு தனி வேரியபிள் வச்சு, ஆரம்பத்துல நல் போட்டு, கிடைச்சப்ப அதுல வச்சுக்கோ. லூப்புக்கு வெளியே அந்தப் பாயிண்டரைத் தொடற சங்கடத்தை 2022ல பெருசா அலசினாங்க. அந்தப் பேச்சுலேர்ந்துதான் 5.18ல கெர்னல் சி11 ஸ்டாண்டர்டுக்கு மாறுச்சு, வேரியபிளை லூப்புக்குள்ளேயே அறிவிக்க முடியணும்னு.

6. தோக்கவே தோக்காத அலோகேஷனும், தோக்கறதா கணக்குல வைக்க வேண்டியதும்

மெம்பூல்_அலாக், சாதாரண அலோகேஷன் தோத்தா, ஏற்கெனவே ஒதுக்கி வச்ச கையிருப்புலேர்ந்து எடுத்துத் தரும். தூங்கிக் காத்திருக்க அனுமதி உள்ள ஜிஎஃப்பி_கெர்னல் மாதிரி கொடியோட கூப்பிட்டா அது நல் தராது; யாராவது திருப்பித் தர்ற வரைக்கும் காத்திருக்கும். ஜிஎஃப்பி_நோஃபெயில் கொடியும் நல் தராதுங்கற ஒப்பந்தம்தான். இவங்களுக்குப் பின்னாடி வர்ற நல் செக்கையும், அதோட தொங்கற எரர் லேபிளையும் எடுக்கலாம். தூங்க முடியாத கொடியோட கூப்பிட்டிருந்தா மட்டும் எடுக்காதே, அங்கே நல் வரும்.

சாதாரண கேமாலாக் பக்கம் போகாதே. “சின்ன அலோகேஷன் நிஜத்துல தோக்கறதில்ல”ன்னு யாராவது சொல்வாங்க. நடைமுறையில அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஒப்பந்தத்துல இல்ல. கேமாலாக், கேஇசட்அலாக் பதிலை எப்பவும் செக் பண்ணணும். அந்த செக்குக்குள்ள இருக்கிற ‘மெமரி போதவில்லை’ன்னு அச்சடிக்கிற வரியை வேணா எடு. அலோகேட்டரே விவரமா அச்சடிச்சுடும். பேட்ச்சைச் சோதிக்கிற செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டும் அந்த வரி தேவையில்லன்னுதான் சொல்லும்.

7. அடுத்த வரி என்ன செய்யுதுன்னு பாரு

சில செக்குக்குப் பதில் பின்னாடி வர்ற ஃபங்ஷன்ல இருக்கும். பழைய பிளாட்ஃபார்ம் டிரைவர்கள்ல இதைப் பார்க்கலாம். பிளாட்ஃபார்ம்_கெட்_ரிசோர்ஸ் கூப்பிட்டு, நல் ஆன்னு பார்த்து, அப்புறம் அதை டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸுக்கு அனுப்புவாங்க. அந்த ரெண்டாவது ஃபங்ஷன் ரிசோர்ஸ் நல் ஆன்னு தானே பார்த்து, மெசேஜ் அச்சடிச்சு, எரர் பாயிண்டர் தரும். நடுவுல இருக்கிற செக் வீண். ரெண்டு அழைப்பையும் சேர்த்து ஒரே ஃபங்ஷனா டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் 2019ல வந்தாச்சு. அதுக்கு மாத்தினா செக்கும் போகும், ஒரு வேரியபிளும் மிச்சம். ஆனா ரெண்டுக்கும் நடுவுல அந்த ரிசோர்ஸோட அளவையோ ஆரம்ப அட்ரஸையோ யாராவது படிச்சிருந்தா செக் வேணும்.

8. முதல்ல தொட்டுட்டு அப்புறம் செக்: இங்கே நிதானம் வேணும்

மேல ஒரு வரியில பாயிண்டருக்குள்ள போய் மெம்பரை எடுத்தாச்சு. ரெண்டு வரி கீழ “நல் ஆ?”ன்னு செக். சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் விட்டப்புறம் சாம்பார்ல பல்லி கிடக்கான்னு எட்டிப் பார்க்கிற மாதிரி. நல் ஆக இருந்திருந்தா மேல் வரியிலயே விழுந்திருக்கும், அதனால செக் வீண்னு தோணும். அந்த முடிவுக்கு அவசரப்படாதே. ஏன்னு ஒரு நிஜக் கதை சொல்றேன்.

2009ல 2.6.30 கெர்னல்ல டன் டிரைவர். விபிஎன் எல்லாம் பயன்படுத்தற விர்ச்சுவல் நெட்வொர்க் டிவைஸ் அது. அதோட போல் ஃபங்ஷன்ல டன் பாயிண்டருக்குள்ளேர்ந்து சாக்கெட்டை எடுத்து வேரியபிள்ல வைக்கிற வரி முதல்ல, டன் பாயிண்டர் நல் ஆன்னு பார்க்கிற செக் அப்புறம். ஜிசிசி என்ன யோசிச்சுது தெரியுமா? “பாயிண்டரைத் தொட்டாச்சு. நல் பாயிண்டரைத் தொடறது சி மொழியில வரையறை இல்லாத நடத்தை. அப்ப இது நல் ஆக இருக்கவே முடியாது. இந்த செக் வேண்டாதது.” செக்கையே தூக்கிப் போட்டுடுச்சு.

ஆனா அந்த செக் வேண்டாதது இல்ல. டன் டிவைஸ் ஃபைலைத் திறந்து, எந்த இன்டர்ஃபேஸோடவும் இணைக்காம நேரா போல் பண்ணினா பாயிண்டர் நிஜமாவே நல். ஜீரோ அட்ரஸ்ல ஒரு பக்கத்தை மேப் பண்ணி வச்சுக்கிட்ட ஒரு புரோகிராம் அப்படிச் செஞ்சா கிராஷ் கூட வராது. கெர்னல் அந்தப் பக்கத்துல இருக்கிற மதிப்பை நம்பி மேல போகும். 2009 ஜூலைல பிராட் ஸ்பெங்லர் இதை வச்சு ரூட் அதிகாரம் வரைக்கும் போய்க் காட்டினார். ஜீரோ பக்கத்தை மேப் பண்ண விடாம தடுக்கிற எம்மேப்_மின்_ஆடர் 2007லயே வந்திருந்தும், அதையும் சுத்திப் போக வழி இருந்துச்சு. இந்த ஓட்டைக்கு சிவிஇ-2009-1897னு எண். சாக்கெட்டை எடுக்கிற வரியை செக்குக்குக் கீழ இறக்கினதுதான் திருத்தம். கூடவே கம்பைலர் இப்படித் தானா செக்கை எடுக்கக் கூடாதுன்னு சொல்ற கொடியையும் கெர்னல் மேக்ஃபைல்ல சேர்த்தாங்க, இன்னைக்கும் இருக்கு.

அந்த நேரத்துல “தொட்டப்புறம் செக், வேண்டாதது”ன்னு யாராவது கிளீன்அப் பேட்ச் அனுப்பியிருந்தா, கம்பைலர் செஞ்ச அதே தப்பை மனுஷக் கையால செஞ்சிருப்பாங்க. அதனால இந்த வகையைப் பார்த்தா ரெண்டு வழி இருக்குன்னு வச்சுக்கோ. நல் வரவே முடியாதுன்னு கூப்பிடற இடங்களைப் படிச்சு நிரூபிக்க முடிஞ்சா செக்கை எடு. நல் வர வழி ஒண்ணு இருந்தாலும் செக்கை மேல ஏத்து. ரெண்டாவது வழின்னா அது பக் ஃபிக்ஸ், பேட்ச்ல, எந்த கமிட்டோட பக்கைத் திருத்தறேன்னு சொல்ற ‘ஃபிக்ஸஸ்’ வரி போடணும்.

ஒரு சின்ன விஷயம்: மெம்பரோட அட்ரஸை மட்டும் எடுக்கிற வரியும், சைஸ்ஆஃப் வரியும் மெமரியைத் தொடாது. அதைப் பார்த்து “மேலயே தொட்டாச்சு”ன்னு முடிவு கட்டாதே.

9. ரெண்டு தடவை கேட்டாலும் தேவையான செக்

லாக் பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு செக், பிடிச்சப்புறம் அதே செக். பார்க்க வீண் மாதிரி இருக்கும். முதல் செக்குக்கும் லாக்குக்கும் நடுவுல இன்னொரு சிபியூ அந்தப் பாயிண்டரை நல் ஆக்கியிருக்கலாம். ரெண்டாவதுதான் நிஜமான செக், அதைத் தொடாதே. லாக் பிடிக்காமலே படிக்க விடற ஆர்சியூ பாதுகாக்கிற பாயிண்டரும் அப்படித்தான். ஆர்சியூ_டீரெஃபரன்ஸ் ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் வேற பதில் வரலாம். ஒரு தடவை எடுத்து வேரியபிள்ல வச்சு, அந்த வேரியபிளைச் செக் பண்ணியிருந்தா, அதுக்குக் கீழ அதே வேரியபிளை மறுபடி கேக்கற செக் மட்டும்தான் வீண்.

டிவைஸைத் தயார் பண்ற புரோப் பாதியில தோத்தாலும், அதை விடுவிக்கிற ரிமூவ் நடந்தாலும் ஒரே கிளீன்அப் ஃபங்ஷனைக் கூப்பிடற டிரைவர்கள் இருக்கு. ரிமூவ் வழியா வந்தா எல்லாப் பாயிண்டரும் நிரம்பியிருக்கும். புரோப் தோல்வி வழியா வந்தா பாதிதான் நிரம்பியிருக்கும். ஒரு வழியை மட்டும் பார்த்துட்டு முடிவு பண்ணினா மாட்டிப்பே.

நல் வர்றதுதான் அடிக்கடி நடக்கிற இடம், அதுவும் நொடிக்கு லட்சக்கணக்குல ஓடற பாதைன்னா, வெளியே இருக்கிற செக் ஒரு ஃபங்ஷன் அழைப்பை மிச்சம் பண்ணும். கேஃப்ரீ உள்ளே இருக்கிற செக் நல் அரிதுன்னு நினைச்சு எழுதினது. அந்த மாதிரி இடத்துல மெயின்டெய்னர் “இருக்கட்டும்”னு சொன்னா வாதாடாதே.

வேணும்னே வச்ச செக்கும் உண்டு. 2023ல 6.5 வெர்ஷன்ல பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டு வந்த கிளீன்அப் ஹெடர்ல, ஸ்கோப் முடிஞ்சதும் தானா கேஃப்ரீ ஆகிற வசதி இருக்கு. அதோட வரையறையில கேஃப்ரீக்கு முன்னாடி செக் இருக்கும். பாயிண்டரை வெற்றிகரமா வெளியே கொடுத்துட்டு உள்ளே நல் வச்சுட்டா, “நல் தானே, செக் தோக்கும்”னு கம்பைலர் கண்டுபிடிச்சு கேஃப்ரீ அழைப்பையே மொத்தமா நீக்கிடும். அதுக்காகவே செக் வச்சிருக்குன்னு அந்த ஹெடர்லயே கமென்ட் எழுதியிருக்காங்க. கமென்ட் படிக்காம பேட்ச் அனுப்பறவங்களுக்குத்தான் அது!

10. அந்த செக் எப்படி வந்துச்சுன்னு பாரு

கிட் பிளேம் போட்டு, அந்த வரியைச் சேர்த்த கமிட்டைப் படி. ஃபைல் எழுதின முதல் நாளே வந்த செக்னா பழக்க தோஷமா இருக்கலாம். தனி கமிட்டா, தானா பக் தேடற சிஸ்பாட் சொன்னதுன்னு ரிப்போர்ட் வரியோட வந்திருந்தா, யாரோ நிஜமா அங்கே விழுந்திருக்காங்க. அந்த விழுந்த வழி இப்ப அடைபட்டுப் போச்சுன்னு காட்ட முடிஞ்சா மட்டும் மேல போ.

ஃபங்ஷன் ஸ்டாட்டிக்கா இருந்தா கூப்பிடறவங்க எல்லாரும் பெரும்பாலும் அதே ஃபைல்ல இருப்பாங்க, ஒவ்வொண்ணா பார்த்துடலாம். எக்ஸ்போர்ட் பண்ணின ஃபங்ஷன்னா கிட் கிரெப் போட்டு மொத்த மரத்தையும் தேடணும். ஆபரேஷன்ஸ் டேபிள் வழியா கூப்பிடற கால்பேக்னா, கூப்பிடற கோர் கோடைத் திறந்து என்ன உறுதி தருதுன்னு படிக்கணும்.

11. டூல் சொல்றது தடயம், தீர்ப்பு இல்ல

செக்பேட்ச்ல ‘நீட்லெஸ்_இஃப்’னு ஒரு எச்சரிக்கை இருக்கு, கேஃப்ரீ வகை செக்குக்கு அது வரும். இன்ரியாவுல ஜூலியா லாவால் குழு வளர்த்த காக்சினெல், கோடோட வடிவத்தை வச்சுத் தேடி மாத்தற டூல். கெர்னல் மரத்துலயே ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரிக்குக் கீழ அதுக்கான விதிகள் இருக்கு. ஃப்ரீ பிரிவுல இஃப்நல்ஃப்ரீ, நல் பிரிவுல டீரெஃப்_நல், இட்டரேட்டர்ஸ் பிரிவுல இட்நல் மூணும் உனக்கு வேண்டியது. மேக் காக்சிசெக் போட்டு முதல்ல ரிப்போர்ட் மோடுல, ஒரே ஒரு டிரைவர் டைரக்டரிக்கு மட்டும் ஓட்டு. டான் கார்ப்பென்டரோட ஸ்மேட்ச், தொட்டப்புறம் செக் வகையையும், ஒரு இடத்துல நல் வரலாம்னு நம்பி இன்னொரு இடத்துல நம்பாத வகையையும் அழகா பிடிக்கும்.

இந்த டூல்கள் எல்லாம் “இங்கே ரெண்டு வரி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை”ன்னுதான் சொல்லும். எந்த வரி தப்புன்னு சொல்றது உன் வேலை.

12. பேட்ச் எழுதறப்ப

ஒரு பேட்ச்ல ஒரு வகை மாற்றம் மட்டும். செக் எடுக்கிறப்பவே வேரியபிள் பேரையும் மாத்தாதே. பல சப்சிஸ்டம்ல தொட்டா ஒவ்வொண்ணுக்கும் தனி பேட்ச். கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்பணும்னு சொல்லும். சப்ஜெக்ட் வரி எப்படி ஆரம்பிக்கணும்னு அந்த ஃபைலோட பழைய கமிட்களைப் பார்த்துக் கத்துக்கோ.

மெசேஜ்ல “தேவையில்லாத செக்கை நீக்கறேன்”னு மட்டும் எழுதினா பத்தாது. ஏன் தேவையில்ல? “இந்த ஃபங்ஷன் நல் வந்தா தானே திரும்பும்”, “புரோப் ஜெயிச்சாதான் ரிமூவ் வரும், புரோப் இந்த இடத்துல பாயிண்டரை நிரப்புது”ன்னு காரணத்தை ஒரு வாக்கியத்துல சொல்லு. அந்த வாக்கியத்தை எழுத முடியலன்னா நீ இன்னும் நிரூபிக்கலைன்னு அர்த்தம். டூல் கண்டுபிடிச்சதுன்னா எந்த டூல்னும், எப்படிச் சோதிச்சேன்னும் எழுது. கம்பைல் மட்டும் பண்ணியிருந்தா “கம்பைல் மட்டும்”னு உண்மையைச் சொல்லு. வெறும் கிளீன்அப்புக்கு ‘ஃபிக்ஸஸ்’ வரி போடாதே. அது இருந்தா ஸ்டேபிள் மரத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க.

எங்கே அனுப்பறேங்கறதும் முக்கியம். நெட்வொர்க்கிங் பக்கம், வேற வேலையோட சேராத தனிக் கிளீன்அப் பேட்ச்களை ஊக்கப்படுத்தறதில்லன்னு அவங்க ஆவணத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பார்த்துப் படிக்கிற நேரமும், பழைய வெர்ஷனுக்கு பக் ஃபிக்ஸ் எடுத்துட்டுப் போறப்ப வர்ற மோதலும் அவங்க தலையிலதானே விழுது! ஸ்டேஜிங் டிரைவர்கள் புதுசா வர்றவங்களை வரவேற்கும், அங்கே ஆரம்பி. புது வெர்ஷன் வந்த உடனே வர்ற ரெண்டு வார மெர்ஜ் விண்டோல அனுப்பாதே. பதில் வரலன்னா ஒண்ணு ரெண்டு வாரம் பொறு. குறை சொன்னா திருத்தி, என்ன மாத்தினேன்னு மூணு கோட்டுக்குக் கீழ எழுதி, வி2ன்னு அனுப்பு.

அனுப்பற முன்னாடி கடைசியா இவ்வளவும் கேட்டுக்கோ:

- கீழ இருக்கிற ஃபங்ஷன் நல் தாங்குதுன்னு அதைத் திறந்து கண்ணால பார்த்தேனா?
- இங்கே வரக்கூடியது நல் தானா, எரர் பாயிண்டரா?
- இந்த இடத்துக்கு வர்ற எல்லா வழியையும், தோல்வி வழியையும் சேர்த்து, படிச்சேனா?
- நடுவுல லாக், ஆர்சியூ ஏதாவது இருக்கா?
- கிட் பிளேம் என்ன சொல்லுது?
- எடுக்கணுமா, மேல ஏத்தணுமா, ஐஎஸ்_எர்ர் ஆக மாத்தணுமா?

ஆறுக்கும் பதில் கையில இருந்தா அனுப்பு. ஒண்ணு இடிச்சாலும் செக்கை விட்டுட்டு அந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கோ. தேடிப் பார்த்தா அங்கே ஒரு நிஜ பக் கிடைக்கலாம். மெயின்டெய்னருக்கு அதைத் திருத்தற பேட்ச்தான் இதைவிடப் பிடிக்கும்.